கடினத்தன்மை

விடியற்காலை ஷிப்டில் முதல் வேலை
தண்ணீரைச் சோதிப்பது.
குடுவையில் ஐம்பது மில்லி, ஒரு சிட்டிகை பொடி,
அப்புறம் சொட்டுச் சொட்டாக மருந்து.
பீட்ரூட் சிவப்பு நீலமாகும்வரை எண்ண வேண்டும்.
இரண்டு சொட்டில் மாறினால் பாய்லருக்கு ஆகும்.
ஏழு எட்டென்று போனால்
சாப்ட்னருக்கு உப்புக் கரைக்கச் சொல்லிக்
கையெழுத்துப் போடுவேன்.
பத்தொன்பது வருடக் கையெழுத்து.

திருப்பூருக்குத் தெற்கே எங்கே போர் போட்டாலும்
சப்பைத் தண்ணிதான்.
கீழே சுக்காங்கல்.
அதில் ஊறி வருகிற தண்ணீர்
சூடான குழாயைத் தொட்டதும்
சுமந்து வந்த கல்லை இறக்கி வைத்துவிடுகிறது.
ஆயுத பூஜைக்கு முன்னால் குழாயைக் கழற்றிப் பார்ப்போம்,
உள்ளே முட்டை ஓடு மாதிரி வெள்ளை.

அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியில்
டாக்டர் திரையைத் திருப்பினார்.
கறுத்த நெஞ்சுக்குள் வெள்ளைக் கீற்றுகள்.
நானூற்றுப் பன்னிரண்டு.
"நாற்பத்தாறு வயசுக்கு ரொம்ப அதிகங்க."
"படிவுங்களா?" என்றேன்.
பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

நாங்கள் மூன்று பேர்.
அப்பன் விட்டுப்போன ஒன்றேகால் ஏக்கர் மானாவாரியைப்
பிரிக்க ஒரு கேசு, ரெண்டு பத்திரம், ஏழு வருசம்.
இந்தக் கொழுப்பில் கால் பாகம் அரைப் பாகம் கிடையாது.
வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை.
பூவா தலையா.
தம்பி லோகநாதனுக்குத் தலை விழுந்தது.
ஞாயிறு தவறாமல் குடல் வறுவல்,
ஸ்கேனில் சைபர்.
அக்கா சரசாமணிக்கும் எனக்கும் பூ.

அளவு மட்டும் இல்லையாம், எத்தனை வருசம் என்பதும்தானாம்.
ஈரோட்டு பைனான்ஸ்காரர் மாதிரி
அசலையும் நாளையும் பெருக்கிச் சொன்னார்.
பிறந்த அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிட்டது.
அக்கா இருபத்தெட்டில் மாத்திரை தொட்டவள்.
ரெண்டு பிரசவத்துக்கு மட்டும் நிறுத்தினாள்.
அவளுக்கு முப்பத்தொன்று.

எனக்கும் சொன்னார்கள்.
கம்பெனி முகாமில், முப்பத்தொரு வயதில்,
கெட்ட கொழுப்பு இருநூற்று நாற்பதென்று.
அந்தச் சீட்டை லாக் புத்தகத்துக்குள் வைத்து மூடினேன்.
தண்ணீர் அப்படிக் காட்டியிருந்தால்
பாய்லரை நிறுத்தியிருப்பேன்.

ஷிப்டுக்கு நாலு சிகரெட், நிலக்கரி மேட்டுக்குப் பின்னால்.
மேலழுத்தம் நூற்றறுபது.
பாய்லரில் பத்தரை கிலோ தாண்டினால்
சேப்டி வால்வு ஊரே கேட்கச் சீறும்.
நான் சீறவே இல்லை.
அப்புறம் ரத்தத்தில் இன்னொரு கொழுப்பு,
வாயில் நுழையாத பேர்.
அதுவும் பிறப்பிலேயே வந்ததாம்.

"ஆசிட் விட்டுக் கழுவ முடியாதுங்களா?"
சிரித்தார். குழாயும் சேர்ந்து கரையும்.
மாத்திரை போட்டாலும் இந்த நம்பர் இறங்காது,
கொஞ்சம் ஏறினாலும் பயப்படாதீங்க,
மெத்தென்று இருப்பது வெடிப்பதைவிட
கெட்டியாகி நிற்பது மேல் என்றார்.
பாய்லர்காரனுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

அப்பனுக்கு நாற்பத்து மூன்று.
கண்ணபுரம் மாட்டுச் சந்தையில்
கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.
காளை நின்றுகொண்டே இருந்ததாம்.
குதிகால் நரம்பில் புளியங்கொட்டை போல் முடிச்சு,
கண்மணியைச் சுற்றிச் சாம்பல் வளையம்.
எங்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.
காங்கேயத்தில் செருப்புத் தைத்தவர் மட்டும்
கேட்காமலே பின்வாரை இளக்கித் தருவார்.

நேற்று இரவு
தூங்கும் பிரகதியின் போர்வையைக் கால்பக்கம் விலக்கி
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
ஒன்றும் இல்லை. மருதாணிதான்.
பதினாலு வயது.
சனிக்கிழமை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கிறாள்.
"ஊசி வலிக்குமாப்பா" என்று கேட்கவில்லை.
"பூ விழுந்தா டூர் விடுவீங்களா" என்கிறாள்.

இன்றைக்குத் தண்ணீர் மூன்று சொட்டு.
கையெழுத்துப் போட்டேன்.
சட்டைப் பையில் பாக்கெட் இருக்கிறது,
அதில் இரண்டு பாக்கி.